நோன்பு வெள்ளியில் நறுக்கிய இறைச்சி

வலேனி கிராமம்,
3 பிப்ரவரி 2013

கதின்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே சாப்பிட்டு, தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மகள் இலின்காவுக்குச் சளி விட்டுவிட்டது.

ஃபோனில் இனி உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று மாதா படத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன் அல்லவா, அது அப்படியேதான் இருக்கிறது. சத்தியம் குரலுக்குத்தான், காகிதத்துக்கு இல்லை என்று பாதிரியார் சொன்னார். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்சல் ஏற்றிக்கொண்டு இத்தாலிக்குக் கிளம்பும் நெலுவின் வேனில் இதையும் கொடுத்துவிடுவேன்.

என்ன கோபம் என்று நீ கேட்பாய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. ஒரே வேனில் போனோம். அந்தப் பன்றிக்கறித் தொழிற்சாலையில் ஒரே மேஜையில் நின்று தொடை எலும்பு எடுத்தோம். நீ ஒன்றை முடிப்பதற்குள் நான் இரண்டு முடிப்பேன், இதை எத்தோரே சூப்பர்வைசரே சொல்வார். ராத்திரியில் வலது கை மரத்துப்போகிறது, டாக்டரிடம் காட்ட அரைநாள் வேண்டும் என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் கம்பெனி சுவரில் ஒட்டிய, அடுத்த மாதம் வேலை உள்ளவர்களின் பெயர் வரிசையில் உன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. நீ என் பக்கத்தில் நின்றுதான் அதைப் படித்தாய். "எங்கக்கா பேர் எங்கே"ன்னு ஒரு வார்த்தை கேட்டாயா? வாயில் என்ன, வைக்கோலா?

என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அதனால் வந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். மித்ரு குத்துக்கல் மாதிரி இருக்கிறார். எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் நலம் விசாரிக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கோபம் உன் மேல்தான், உன் கால் மேல் இல்லை.

அக்லயா

---

மொதெனா அருகே,
24 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கும் மித்ரு அத்தானுக்கும்,

ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். காலுறை சரியாக இருக்கிறது.

நீ திட்டியது நியாயம்தான். அன்றைக்கு நான் கேட்டிருந்தால் இரண்டு பெயரும் இருந்திருக்காது. அந்தப் பயத்தில் நின்றேன். இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. நம்மோடு ஒரே வீட்டில் தங்கும் ஸ்மராந்தாவுக்குக் கொதிதண்ணீர் பட்டு முழங்கை வெந்துவிட்டது, அவள் நீளக் கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.

ஒரு செய்தி. கோடைக்கு முன்னால் ஒரே ஒரு ஆளை நிரந்தரம் ஆக்கப்போகிறார்களாம். அது எனக்குக் கிடைத்தால் என் பெயரில் வீடு வாடகைக்கு எடுக்கலாம், மாதாமாதம் சுவரைப் பார்க்க வேண்டாம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இலின்காவை இங்கே கூட்டிக்கொள்ளலாம். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை அக்கா. உனக்கே தெரியும்.

குழந்தைக்குச் செருப்பு அனுப்பியிருக்கிறேன். வளர்ந்திருப்பாள், ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன்.

உன் தங்கை
கதின்கா

---

வலேனி,
10 மார்ச்

கதின்காவுக்கு,

நலம். செருப்பு இறுக்கம். நீ பார்த்த இலின்கா இல்லை இவள். அவள் கால் எவ்வளவு நீளம் என்று தினம் பார்ப்பவளுக்குத்தான் தெரியும்.

நிரந்தரமாம். படித்ததும் வயிறு எரிந்தது, மறைப்பானேன். எனக்குப் பின்னால் நின்றவள் நீ. என் கத்தியைத்தான் கடன் வாங்குவாய். இப்போது அங்கே உனக்கு வேலையும் வீடும், இங்கே என்னிடம் இருக்கிற ஒரே ஒரு குழந்தையும் உனக்கு. எனக்கு என்ன? மித்ருவின் குறட்டை.

சரி, நடப்பது நடக்கட்டும். எனக்காக ஒன்று செய். அங்கே ஓர் இடம் காலியானால் எத்தோரேயிடம் என் பெயரைச் சொல். கை இப்போது பரவாயில்லை என்று சொல். காலையில் தேநீர்க் கோப்பையைப் போட்டு உடைக்கிறேன், அதைச் சொல்லாதே.

அடுத்த வாரம் பெரிய நோன்பு தொடங்குகிறது. அங்கே கத்தோலிக்கர்கள் ஈஸ்டர் நம் ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்னாலேயே வருகிறதாம். அவர்களோடு சேர்ந்து நீயும் கறி தின்னப் போய்விடாதே. போன வருஷம் அங்கே நாம் எல்லோரும் தங்கியிருந்த வீட்டில் நோன்புக்குள் முட்டை வாங்கி வந்தவளை நான் வாசலிலேயே நிறுத்தியது நினைவிருக்கட்டும்.

அக்லயா

---

மொதெனா அருகே,
குருத்து ஞாயிறு, 28 ஏப்ரல்

அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு.

எனக்கு நிரந்தரம் கிடைத்துவிட்டது.

ஈஸ்டருக்கு வர முடியவில்லை. இலின்காவிடம் வேலை அதிகம் என்று சொல். அவள் ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடும்போது நீ பக்கத்தில் இரு.

உனக்கு இங்கே இப்போது இடம் ஏதும் இல்லை.

கதின்கா

---

வலேனி,
12 மே

கதின்காவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். இதைச் சொல்லாமல் இந்த நாட்களில் யாருக்கும் எழுதக்கூடாது, அதனால் உனக்கும் சொல்கிறேன்.

உன் கடிதம் கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இலின்கா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா எழுத்து என்னோடதைவிட மோசமா இருக்கே பெரியம்மா"ன்னாள். நிரந்தரம் கிடைத்ததும் கை நடுங்குகிறதோ? இல்லை, எங்களுக்கெல்லாம் எழுத இவ்வளவு போதும் என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது கிறுக்கினாயோ?

ஈஸ்டர் ராத்திரி எல்லோருடைய பிள்ளைகளும் வந்திருந்தார்கள். உன் மகள் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு வேன் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெலு வந்தான், நீ வரவில்லை. நான் விடுவேனா, அவனை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு குவளை பிளம் சாராயம் ஊற்றிக் கேட்டேன். குவளையைக் காலி செய்தான். அப்புறம் சொன்னான்: "அக்கா, எனக்கெதுக்கு வம்பு. அந்த சூப்பர்வைசர் கார்ல ரெண்டு தடவை வந்து எறங்கினா. அவரே கதவைத் திறந்து விட்டாரு. வேலைக்குப் போற மாதிரியும் தெரியலை."

வேலைக்குப் போகாமல் சம்பளம். சூப்பர்வைசர் கார் கதவைத் திறந்து விடுகிறார். எனக்கு அவர் என் பெயரைக்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. எனக்கு இடம் இல்லை என்று ஏன் எழுதினாய் என்று இப்போது புரிகிறது. அங்கே நான் வந்தால் எல்லாம் கண்ணில் படும் அல்லவா?

எப்படிக் கிடைத்தது உனக்கு அந்த நிரந்தரம்? அக்கா கேட்கிறேன், சொல்.

அக்லயா

---

மொதெனா அருகே,
2 ஜூன்

அக்காவுக்கு,

மெய்யாகவே உயிர்த்தார்.

உன் கடிதத்தை மூன்று வாரம் வைத்துக்கொண்டு இருந்தேன். நீ நினைப்பது மாதிரி ஒன்றும் இல்லை. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, வீட்டில் சமையல்கட்டில் பன்றித் தொடை நறுக்கும்போது கத்தி வழுக்கிக் கையில் வெட்டிக்கொண்டேன். எத்தோரே மனிதாபிமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கட்டு மாற்றவும் அவரே கூட்டிப் போகிறார். ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடது கையால் எழுதுவதால் எழுத்து இப்படி. வேறு ஒன்றும் இல்லை.

இலின்காவுக்குச் சொல்லவேண்டாம். நெலுவிடமும் பேசவேண்டாம். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கதின்கா

---

வலேனி,
9 ஜூன்

கதின்காவுக்கு,

பொய் சொல்லவாவது ஒரு நாளைப் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா?

ஏப்ரல் பன்னிரண்டு. பெரிய நோன்பின் நடுவில், அதுவும் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நம் ஊரில் குடிகாரன் வீட்டில்கூட அடுப்பில் பீன்ஸ்தான். நம்மவர்கள் அஞ்சு பேர் இருக்கிற அந்த வீட்டுச் சமையல்கட்டில் நீ பன்றித் தொடை நறுக்கினாயாம். முழுப் பூசணிக்காயை யார் சோற்றில் மறைக்கிறாய்? அம்மா சாகும்போதுகூட நோன்பு என்று பால் வேண்டாம் என்றாள். நீ அவள் மகள்.

நறுக்கியிருப்பாய். இல்லை என்று சொல்லவில்லை. நம்மவர்கள் வீட்டில் இல்லை, அவன் வீட்டில், அவனுக்கு நறுக்கினாய். அவர்கள் ஈஸ்டர் முடிந்துவிட்டது, விருந்து நடந்திருக்கும். சாமியையும் விட்டாய், மகளையும் விட்டாய், ஒரு வேலைக்காக. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. ஒழுக்கத்துக்காகக் கோபப்படுகிறேன் என்று மித்ருவிடம் சொன்னேன். "இல்லடி, உனக்குப் பொறாமை"ன்னு சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு என்ன பெயர் வைக்க?

நீ சொல்லாவிட்டால் எனக்கு வழி தெரியாதா? மித்ருவை விட்டுக் கம்பெனிக்கு ஃபோன் போடச் சொன்னேன். ஏப்ரலிலிருந்து ஓர் இடம் காலியாம், எலும்பறுக்கும் ரம்பத்தில். வந்தால் உடனே சேரலாமாம். இடம் இல்லை என்று எழுதினாயே, புண்ணியவதி! ஜூலை முதல் ஞாயிறு நெலு வேனில் எனக்கு இடம் பிடித்தாயிற்று. வந்து நேரிலேயே பார்க்கிறேன், உன்னையும் அவனையும்.

அக்லயா

---

மொதெனா அருகே,
16 ஜூன்

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நெலு கிளம்பக் காத்திருக்கிறான். இதை வேறு யாரிடமும் கொடுக்காமல் உன் கையில் தரச் சொல்லியிருக்கிறேன்.

வராதே. அந்த ரம்பத்தில் நிற்காதே.

அந்த இடம் காலியானது என்னால்தான். நீ போன பிறகு என்னை அதில் போட்டார்கள். ரம்பத்தின் பல்லை மறைக்கும் தகடு இருந்தால் வேகம் குறைகிறது என்று அதைத் தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். நீயும் பார்த்திருக்கிறாய். அன்று தொடை வழுக்கியது. என் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை அக்கா.

ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. எத்தோரே துண்டைச் சுற்றித் தன் காரில் ஏற்றினார். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். "வீட்ல. பன்றித் தொடை நறுக்கும்போது. எங்கே, சொல்லு பாப்போம்." இரண்டு முறை சொன்னேன். "இப்படியே சொன்னா நிரந்தரம் உனக்குத்தான். வேலைல நடந்ததுன்னு சொன்னா கம்பெனியும் இல்லை, நீயும் இல்லை"ன்னார். நோன்பு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "நெசமாவே வீட்லயா?" என்று கேட்டாள். உன் பெயர் இல்லாத அந்தச் சுவர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆமாம் என்றேன்.

உனக்கும் அதே வாக்கியத்தை எழுதினேன். எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னால்தான் தடுமாறமாட்டேன் என்று.

இப்போது என் வேலை உன் வாயில் இருக்கிறது. அது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ அந்த ரம்பத்தில் நிற்பதைவிட இது பரவாயில்லை.

கதின்கா

---

வலேனி,
30 ஜூன்

என் கதின்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். புண் காய்ந்துவிட்டதா, வலி இருக்கிறதா, எழுது. பூச ஆட்டுக்கொழுப்பு அனுப்பியிருக்கிறேன். டாக்டர் சிரிப்பார், நீ பூசு.

வேனில் பிடித்த இடத்தை விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்கொட்டிலில் போய் உட்கார்ந்து அழுதேன். நான் எழுதியதையெல்லாம் நினைத்து அழுதேன். அழுது முடித்ததும் என்ன தோன்றியது தெரியுமா? கேட்டால் என் முகத்தில் துப்புவாய். இரண்டு விரலுக்கு அவர்கள் உனக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். என் கை பார்க்க முழுசாக இருந்தது, அதனால் எனக்கு வேனில் ஓர் இடம் கொடுத்து அனுப்பினார்கள். என் கையிலும் கொஞ்சம் ரத்தம் வந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. உன் விரலைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டவள் உன் அக்கா.

இன்னொன்றும் தோன்றியது. நான் கோயில் வாசலில் நின்று சத்தமாக ஒரு வார்த்தை சொன்னால் நெலு வழியாக அது எத்தோரே காதுக்குப் போய்விடும். உன் வேலை போகும். இலின்கா என்னோடே இருப்பாள். அந்த ஆசை ஒரு முழு ராத்திரி என்னைப் படுத்தியது. அதனால்தான் வாக்குக் கொடுக்கிறேன்: யாரிடமும் சொல்லமாட்டேன். மித்ருவிடம்கூட. விரலைக் கொடுத்து வாங்கிய வேலை, அதை நான் கெடுக்கமாட்டேன்.

இலின்கா இப்போதே பையில் துணி அடுக்குகிறாள். இறுக்கமாக இருந்தாலும் நீ அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். நான் தடுக்கவில்லை.

உன் அக்கா

---

மொதெனா அருகே,
15 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும் அறிய ஆசை. இலின்காவை இப்போது அனுப்பவேண்டாம்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து போனபோது கதவில் வேறு பெயர்ப் பலகை தொங்கியது. அதே மேஜை, அதே ரம்பம், அதே எத்தோரே. புதுக் கம்பெனி, புதுப் பெயர் வரிசை. பழைய கம்பெனி கொடுத்த நிரந்தரம் பழைய கம்பெனியோடு போயிற்று. சுவரில் என் பெயர் இல்லை. "உன் கையை வெச்சுக்கிட்டு இங்கே என்னம்மா பண்ணுவே?" என்றார் எத்தோரே. தவறாகச் சொல்லவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். இந்த முறை கார் கதவைத் திறந்து விடவில்லை.

தொழிற்சங்கத்தில் ஒரு பெண்மணியிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். வேலையில் நடந்த விபத்து என்றால் விரலுக்கு ஈடு கிடைக்கும், ஆனால் ஆஸ்பத்திரியில் நானே வீட்டில் என்று சொல்லியிருக்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் நாலு பேரும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவர்கள் பெயர் சுவரில் இருக்கிறது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், நானும் ஒரு நாள் அப்படித்தான் நின்றேன்.

"வீட்ல நடக்கலைன்னு யாருக்காவது தெரியுமா? அப்ப சந்தேகப்பட்டவங்க யாராவது இருக்காங்களா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். யோசித்தேன். டாக்டர் நம்பினார், நர்ஸ் நம்பினமாதிரி இருந்தாள். அந்தப் பொய்யைக் கடைசிவரை நம்பாதவள் உலகத்தில் ஒருத்திதான்.

உனக்கு அங்கே மக்காச்சோளம் ஒடிக்கிற நேரம், தெரியும். சும்மாதான் எழுதினேன்.

உன் தங்கை
கதின்கா

---

வலேனி,
22 செப்டம்பர்

கதின்கா,

நலம்தான், நீ இருக்கிற இருப்பில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மக்காச்சோளத்தை மித்ரு ஒடிப்பார். இலின்காவை இங்கே பள்ளிக்கூடத்தில் விட்டாயிற்று. பையை அவள் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நெலு வேனில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு வாரம் முன்னால் வரும், அதற்குள் நீ அந்தச் சங்கத்துப் பெண்மணியிடம் சொல்லி வை. நான் சொல்லப்போவது இதுதான். அந்த ரம்பத்தின் தகட்டைக் கம்பியால் கட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கட்டியவன் பெயர் தெரியும். அப்புறம், ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அந்த வீட்டில் இறைச்சி இருந்திருக்க வழியே இல்லை. அந்தப் பெண்மணி சிரிக்கலாம். சிரிக்கட்டும். எத்தோரேக்கு ஈஸ்டர் முடிந்துபோயிருந்தது, நமக்கு முடியவில்லை. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது, நம் நாள் கிழமை தெரியவில்லை. அந்த நாலு பெண்களையும் நான் சமையல்கட்டில் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அன்னிக்கு நீங்க கறி தின்னீங்களாடி?" வேலைக்குப் பயந்து விபத்தை மறைப்பார்கள். நோன்பை முறித்தேன் என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள், பார்.

நான் உனக்கு எழுதிய கடிதங்களை எடுத்து வை. அதில் உன்னை நான் எவ்வளவு கேவலமாகத் திட்டியிருக்கிறேன் என்று அவர்கள் படிக்கட்டும். உனக்காகப் பொய் சொல்ல வந்தவள் அப்படி எழுதியிருக்கமாட்டாள் என்று அவர்களுக்கே புரியும். என் பொறாமை ஒரு தடவையாவது உனக்கு உதவட்டும்.

சத்தியத்தைப் பற்றிப் பாதிரியாரிடம் கேட்டேன். "ஃபோன்ல கேக்கமாட்டேன்னுதானே சொன்னே? நேர்ல தாராளமா கேளு"ன்னார். நல்ல மனுஷர். அதனால் என்னைப் பார்த்ததும் அழுது கொட்டாதே, ஏதாவது பேசு.

யார் யாருக்கு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்மணி எழுதிக்கொள்வார் அல்லவா? என் கையையும் எழுதச் சொல். பார்க்க முழுசாக இருக்கிறதே என்று சொன்னால் ஊசியால் குத்திப் பார்க்கட்டும், எனக்குத் தெரியவே தெரியாது. ஸ்மராந்தாவின் முழங்கையையும் சேர்க்கச் சொல்.

இந்தத் தடவை வரிசையில் என் பெயர் விட்டுப்போகக்கூடாது. உன் பெயருக்கு மேலே போடச் சொல். நான்தான் மூத்தவள்.

அக்லயா